பத்து ரூபாய்க்கு மதியச் சாப்பாடு: கல்லூரியில் தொடங்குவது எப்படி

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சிற்றுண்டி உண்டு, பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு. அதோடு சரி. அதே பிள்ளை இரண்டு மூன்று வருடம் கழித்து அரசு கலைக் கல்லூரியில் சேரும்போது வயது கூடியிருக்கிறது, வீட்டுக்கும் கல்லூரிக்கும் உள்ள தூரம் கூடியிருக்கிறது, பசியும் கூடியிருக்கிறது. சாப்பாட்டுக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வீட்டில் நெருக்கடி என்றால் அந்தப் பணம் பாதி வழியிலேயே கரைந்துவிடும். நகரப் பேருந்தின் முதல் டிரிப்பைப் பிடிக்க ஆறரை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பும் மாணவி டீயோடு வந்து, மாலை நாலு மணிக்குத்தான் அடுத்த சோற்றைப் பார்க்கிறாள்.

இந்த இடைவெளியை ஒரு கல்லூரியே நிரப்ப முடியும். 2022 நவம்பரில் பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயில் தன் கல்வி நிறுவனங்களில் மாணவர்களுக்குக் காலைச் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கியது. ஆந்திரத்தில் 2025 ஜனவரியில் அரசு ஜூனியர் கல்லூரிகளுக்கு மதிய உணவு வந்தது. கோயிலோ அரசோ பின்னால் இல்லாத கல்லூரியிலும், முதல்வரின் ஒப்புதல், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் ஒருவர், பொறுப்பான பத்து மாணவர்கள் இருந்தால் 200 பேருக்கு ஒரு வேளை உணவு கொடுக்கலாம். அதை எப்படித் திட்டமிடுவது, எங்கே சறுக்கும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறோம்.

பசி எத்தனை மணிக்கு என்று முதலில் கண்டுபிடியுங்கள்

"உங்கள் குடும்ப வருமானம் என்ன?" என்று கேட்கும் படிவத்தோடு தொடங்காதீர்கள். அதை நிரப்பக் கூசுகிறவர்கள்தான் உங்களுக்கு வேண்டியவர்கள். பெயர், வரிசை எண் எதுவும் இல்லாத கால் தாள் போதும். நாலே கேள்வி: இன்று எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினீர்கள்? கிளம்பும் முன் என்ன சாப்பிட்டீர்கள்? மதியத்துக்கு என்ன ஏற்பாடு (டப்பா, கேன்டீன், வெளியே கடை, ஒன்றுமில்லை)? போன வாரம் எத்தனை நாள் மதியம் சாப்பிடாமல் இருந்தீர்கள்?

இதை வகுப்பில் கொடுத்து, மடித்து ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள். ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி என்று இரண்டு நாள் எடுங்கள். வெள்ளியன்று வருகை குறையும், முகூர்த்த நாளில் இன்னும் குறையும். ஒரு நாள் கணக்கை வைத்து அரிசி வாங்கினால் தப்பாகப் போகும்.

விடைத்தாள்களை நேரவாரியாகப் பிரித்தால் பெரும்பாலும் ஒரு விஷயம் துலங்கும். இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரியில் முதல் ஷிப்ட் மாணவருக்குப் பசி பத்தரை மணி இடைவேளையில். இரண்டாம் ஷிப்ட் மாணவருக்கோ வகுப்பு தொடங்கும் ஒன்றரை மணிக்கு முன்னால். "மதிய உணவு 12.30 முதல் 1.15 வரை" என்று வழக்கமான நேரத்தை வைத்தால் முதல் ஷிப்ட் அப்போது வகுப்பில் இருக்கும், இரண்டாம் ஷிப்டில் பாதிப்பேர் இன்னும் பேருந்தில் இருப்பார்கள். 12.50 முதல் 1.30 வரை என்று வைத்தால் போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே பந்தியில் அடங்குவார்கள். பத்தரை மணிப் பசிக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு அவித்த முட்டையோ தனியாக வைத்துக்கொள்ளலாம். ஒரே ஷிப்ட் கல்லூரிக்கு இந்தச் சிக்கல் இல்லை. உணவு இடைவேளையே போதும்.

யார் சமைப்பது

மூன்று வழி இருக்கிறது. ஏற்கெனவே கேன்டீன் ஓடுகிறது என்றால் அதை நடத்துபவரிடமே ஒரு "கல்லூரிச் சாப்பாடு" பேசி, தட்டுக்கு இவ்வளவு என்று கல்லூரி மாதம் ஒருமுறை கணக்குத் தீர்ப்பது முதல் வழி. முதலீடு இல்லாமல் இரண்டே வாரத்தில் தொடங்கிவிடலாம். குறை என்னவென்றால், மானியத் தட்டு வாங்குகிறவருக்கு அளவு மெல்லக் குறையும். ஒப்பந்தத்தில் எடை எழுதியிருந்தால் மட்டுமே இதைத் தட்டிக் கேட்க முடியும்.

இரண்டாவது, மகளிர் சுய உதவிக் குழு. ஊரகப் பள்ளிகளில் காலை உணவைச் சமைப்பதே இவர்கள்தான்; மொத்தமாகச் சமைக்கும் கை அவர்களிடம் இருக்கிறது. மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டால் அருகிலுள்ள குழுக்களைச் சொல்வார்கள். கல்லூரி இடம், பாத்திரம், எரிவாயு, பொருள் கொடுக்க, குழு கூலிக்குச் சமைத்துப் பரிமாறும். புதிதாகத் தொடங்கும் அரசுக் கல்லூரிக்கு எங்கள் பரிந்துரை இதுதான்.

மூன்றாவது, மாணவர்களே சமைப்பது. வேண்டாம். ஆர்வம் முதல் உள்தேர்வு வரை நிற்கும், பிறகு யார் காலை எட்டு மணிக்கு வெங்காயம் உரிப்பது? மாணவர்கள் டோக்கன், பரிமாறல், கணக்கு, தரம் பார்த்தல் ஆகியவற்றில் இருக்கட்டும்.

ஒரே வரிசை, ஒரே டோக்கன்

இதில் தவறினால் சாப்பாடு எவ்வளவு ருசியாக இருந்தாலும் வரவேண்டியவர் வரமாட்டார். "ஏழை மாணவருக்கு இலவச உணவு" என்று பலகை வைத்த இடத்துக்கு, வகுப்புத் தோழி பார்க்க ஒரு மாணவி போவாளா? பசியை நிரூபிக்கச் சொல்லாத ஏற்பாடு வேண்டும்.

விலை எல்லா மாணவருக்கும் ஒன்றே, 10 ரூபாய். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. வசதியுள்ளவர் புகுந்துவிடுவாரே என்ற கவலை நிர்வாகக் கூட்டத்தில் கட்டாயம் எழும். ஒரே ஒரு கலந்த சாதம், ஒரு தொட்டுக்கை, வரிசையில் பத்து நிமிடம் என்று இருக்கும்போது, 80 ரூபாய் பிரியாணிக்கு வழி உள்ளவர் தானாகவே நாலு நாளில் விலகிக்கொள்வார். விலகாமல் சாப்பிட்டால் அதுவும் நல்லதுதான். வரிசையில் எல்லா வகை மாணவரும் நின்றால்தான் அது வெறும் மதியச் சாப்பாட்டு வரிசையாக இருக்கும். ஆசிரியர்களும் அலுவலர்களும் அதே வரிசையில் நின்று முழு அடக்க விலை கொடுத்துச் சாப்பிடட்டும். துறைத் தலைவர் தினம் சாப்பிடும் இடத்தில் சாம்பாரில் பருப்பு குறையாது.

அந்தப் பத்து ரூபாயும் இல்லாதவருக்கு முன்பணம் கட்டிய டோக்கன். மாதத் தொடக்கத்தில் 25 டோக்கன் கொண்ட புத்தகமாக வகுப்பு ஆலோசகர் மூலமோ பெண் ஆசிரியர் ஒருவர் மூலமோ கைமாறட்டும். அதன் நிறம், அச்சு, வரிசை எண் எல்லாம் விலைக்கு விற்கும் புத்தகத்தைப் போலவே இருக்க வேண்டும். "இ" என்று ஓரத்தில் ஒரு எழுத்து போட்டாலும் வாசலில் நிற்கிறவருக்குத் தெரிந்துவிடும். எத்தனை புத்தகம் இலவசமாகப் போனது என்பது பொறுப்பாசிரியரின் பதிவேட்டில் எண்ணிக்கையாக மட்டும் இருந்தால் தணிக்கைக்குப் போதும்.

இதற்கும் வெளியே ஒரு வகை உண்டு. மாதத்தில் இருபது நாள் சமாளித்துவிட்டு, அப்பாவுக்கு வேலையில்லாத வாரத்தில் மட்டும் கையில் காசில்லாமல் வருகிறவர். அவருக்காக நூலக முகப்பில் ஒரு சின்னப் பெட்டியில் தினம் ஐந்து டோக்கன் வையுங்கள். எடுப்பவர் பெயர் எழுத வேண்டாம், யாரும் கேட்கவும் வேண்டாம். மாலையில் மீதி எத்தனை என்று மட்டும் பாருங்கள். தொடர்ந்து ஒரு வாரம் ஐந்தும் காலியானால் எட்டாக்குங்கள். எவனாவது ஐந்தையும் அள்ளிக்கொண்டு போவானே என்றால், போகலாம். இழப்பு 50 ரூபாய். அந்தப் பயத்துக்காகப் பதிவேடு வைத்தால் பெட்டி பயனற்றுப்போகும்.

கியூஆர் குறியீடு, செயலி எல்லாம் பிறகு பார்க்கலாம். கைப்பேசியில் ரீசார்ஜ் தீர்ந்த மாணவர்தான் காசில்லாத மாணவர். காகித டோக்கன் அவருக்கும் வேலை செய்யும்.

எவ்வளவு சமைப்பது

ஒரு தட்டுக்குப் பச்சை எடையில் அரிசி 100 கிராம், பருப்பு 30 கிராம், காய் 70 கிராம். இதோடு ஒரு முட்டையோ 25 கிராம் கொண்டைக்கடலையில் செய்த சுண்டலோ சேர்ந்தால் 650 கலோரிக்கு அருகிலும், புரதம் 20 கிராமை ஒட்டியும் வரும். பருப்பைக் குறைத்து அரிசியைக் கூட்டுவது மலிவு. ஆனால் மூன்று மணிக்கே மறுபடி பசிக்கும், வகுப்பில் தூக்கம் வரும்.

முதல் மாதம் கலந்த சாதம் மட்டுமே போடுங்கள். வெள்ளைச் சோறு, சாம்பார், ரசம், மோர் என்று போனால் ஒரு தட்டுக்கு நாலு கை வேண்டும், வரிசை நகராது. 100 பேருக்குச் சாம்பார் சாதம் என்றால்: பொன்னி புழுங்கலரிசி 10 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, கேரட், பீன்ஸ், கத்தரி, முருங்கைக்காய், பூசணி என்று அன்று மலிவான காய் 7 கிலோ, சின்ன வெங்காயம் 2 கிலோ, தக்காளி 3 கிலோ, புளி அரைக் கிலோ, சாம்பார்த்தூள் அரைக் கிலோ, எண்ணெய் 1 லிட்டர். உப்பு அரைக் கிலோவில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். பருப்பு வேகவைத்த நீர், புளிக்கரைசல் எல்லாம் சேர்த்து 45 லிட்டர் தண்ணீர். வெந்து ஆவி போனபின் ஏறக்குறைய 60 கிலோ சாதம் கிடைக்கும், தட்டுக்கு 600 கிராம். குழைவாக இருப்பதே நல்லது; பத்து நிமிடத்தில் இறுகும் என்பதால் இரண்டு மூன்று லிட்டர் கொதிநீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடுவில் தளர்த்துங்கள்.

200 பேருக்கு ஒரே பெரிய அண்டா வேண்டாம், தலா 85, 90 லிட்டர் கொள்ளும் இரண்டு அண்டா வேண்டும். ஒரே அண்டாவில் 120 கிலோ சாதத்தைக் கிளற முடியாது, அடிபிடிக்கும், இறக்கும்போது ஆளுக்கு ஆபத்து. அடிபிடித்துவிட்டால் சுரண்டக் கூடாது. மேலே உள்ளதை அசைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் தீய்ந்த வாடை பெரும்பாலும் தப்பும். புளி, தக்காளி சேரும் பண்டத்தை அலுமினியப் பாத்திரத்தில் வைத்திருக்கக் கூடாது. எவர்சில்வர் விலை கூட, ஆனாலும் அதையே வாங்குங்கள்.

இனி கரண்டி. பலரும் இதைக் கவனிப்பதில்லை. உங்கள் பரிமாறும் குழிக்கரண்டியில் ஒருமுறை தலை தட்டி எடுத்தால் எத்தனை கிராம் என்று முதல் நாளே தராசில் வைத்துப் பாருங்கள். 300 கிராம் என்றால் இரண்டு கரண்டி ஒரு தட்டு. ஒரு நாள் அந்தக் கரண்டி காணாமல்போய், 350 கிராம் பிடிக்கும் வேறொன்றை எடுத்துப் பரிமாறினால் ஒவ்வொரு தட்டுக்கும் 100 கிராம் கூடுதலாகப் போகும். 120 கிலோ சாதம் 171 தட்டிலேயே தீர்ந்துவிடும். கையில் டோக்கனோடு 29 பேர் வெறும் அண்டா முன்னால் நிற்பார்கள். சமையல் கணக்கில் தப்பில்லை, அரிசி திருட்டுப் போகவில்லை, கரண்டிதான் மாறியிருக்கிறது. கரண்டிகளில் அடையாளம் போட்டு, ஒரே அளவில் நாலு வாங்கிவிடுங்கள். கூடுதலாகக் கேட்பவருக்குக் கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டாம் முறை காசில்லாமல் போடலாம். குறைவாகச் சாப்பிடுகிறவர் "ஒரு கரண்டி போதும்" என்று சொல்லும்படி பழக்குங்கள், வீணாவது பாதி குறையும்.

முட்டை விலையை நாமக்கல்லை மையமாக வைத்துத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. கடைக்காரர் அதன்மேல் வண்டிக்கூலியும் லாபமும் வைப்பார். அறிவிப்பு விலைக்கு மேல் இத்தனை பைசா என்று பேசி முடித்துக்கொண்டால் தினம் பேரம் பேச வேண்டியதில்லை. புரட்டாசியிலும் ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகை, மார்கழியிலும் முட்டை வேண்டாம் என்பவர் எண்ணிக்கை எகிறும். அந்த மாதங்களில் சுண்டலைக் கூட்டுங்கள். ரமலான் நோன்பு வைக்கும் மாணவருக்கு அன்றைய டோக்கனுக்குப் பதிலாக முட்டை, பழம், பேரீச்சம்பழம் என்று ஒரு பொட்டலம் மாலையில் கொடுக்கலாம். இதைக் கேட்டு வாங்க வைக்காமல், அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

ஒரு நாளின் ஓட்டம்

டோக்கன் விற்பனை பத்தே காலுக்கு முடிய வேண்டும். பத்தரைக்குள் எண்ணிக்கை சமையலறைக்குப் போகும். பருப்பு வேக நேரமாகும் என்பதால் அதைப் போன வாரச் சராசரியை வைத்து ஒன்பதரைக்கே ஏற்றிவிடலாம். அரிசியை மட்டும் டோக்கன் எண்ணிக்கையோடு நூற்றுக்கு ஐந்து கூட்டி, பதினொன்றேகாலுக்கு மேல் போடுங்கள். மழை, பேருந்து வேலைநிறுத்தம், உள்ளூர்த் திருவிழா என்று எது வந்தாலும் இந்த ஏற்பாட்டில் அரிசி வீணாகாது.

பரிமாறும் வேகத்தையும் கணக்குப் போடுங்கள். பழகிய கை ஒரு தட்டைப் பத்து நொடியில் முடிக்கும், நிமிடத்துக்கு ஆறு. ஒரு மேசை என்றால் 200 பேருக்கு 33 நிமிடம் ஆகும், கடைசியில் நிற்பவருக்குச் சாப்பிட நேரமிருக்காது. இரண்டு மேசை போட்டால் 17 நிமிடம். இந்த வேகத்தில் கழுவிய தட்டு திரும்பி வரும் முன்பே எல்லாரும் வாங்கிவிடுவார்கள். ஆகவே "நூறு தட்டு வாங்கிக் கழுவிக் கழுவி ஓட்டலாம்" என்று நினைக்காதீர்கள், 220 குழித்தட்டு வேண்டும். கை கழுவ 25 பேருக்கு ஒரு குழாயாவது இருக்கட்டும். சமையல், தட்டு, கை எல்லாவற்றுக்கும் ஆளுக்கு 7 முதல் 10 லிட்டர் தண்ணீர் ஆகும். ஏப்ரலில் ஆழ்துளைக் கிணறு வறண்டால் என்ன செய்வது என்பதை ஜூனிலேயே யோசித்துவிடுங்கள்.

கெட்டுப்போவது எங்கே

சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற ஒரு கிருமி இருக்கிறது. அதன் வித்துகள் கொதியிலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பெரிய அண்டாவின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும் என்பதால் வீட்டுச் சமையலைவிட இங்கே ஆபத்து அதிகம். சாதம் 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காமல், மூடி, சூட்டிலேயே வைத்துப் பரிமாற வேண்டும். கம்பி போன்ற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, நடுவில் குத்திப் பாருங்கள். மேலே ஆவி பறக்கிறது என்பது அத்தாட்சி ஆகாது. சமைத்து இறக்கியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடியுங்கள். மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்கவே கூடாது.

தயிர் சாதம் எளிது என்று தோன்றும். 100 பேர் அளவில் அதுதான் கடினம். சூடான சாதத்தில் தயிரைக் கலந்தால் புளித்து நீர்த்துப்போகும். ஆற வைக்கலாம் என்றால் அண்டாவில் ஆறாது. இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் அகலத் தாம்பாளங்களில் பரப்பி, மெல்லிய துணி மூடி ஆற்ற வேண்டும். இதற்கு இடமும் ஆளும் பழகிய பிறகு தயிர் சாதத்துக்கு வாருங்கள். தேங்காய் சேர்த்த பண்டங்களும் கோடையில் சீக்கிரம் கெடும். சுண்டலுக்குத் தேங்காயைப் பரிமாறும் நேரத்தில் தூவலாம்.

முட்டையை வேகவைக்கும் முன் கழுவி, தண்ணீரில் மிதப்பதை எடுத்து எறிந்துவிட்டு, கொதி வந்தபின் 12 நிமிடம் வேகவையுங்கள். உரித்த முட்டையைத் தண்ணீரில் ஊற வைத்திருப்பது பல இடங்களில் நடக்கிறது. அந்தத் தண்ணீர்தான் கிருமிக்கு வீடு. ஓட்டோடு கொடுங்கள், மாணவர் உரித்துக்கொள்வார்.

தினமும் பரிமாறும் முன் பொறுப்பாசிரியரோ மாணவப் பிரதிநிதியோ சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு பண்டத்திலும் 200 கிராம் எடுத்து, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் தேதி எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் 48 மணி நேரம் வையுங்கள். நாளை யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் காரணம் நம் சாதமா, வாசலில் விற்ற பானிபூரியா என்பதை அந்த டப்பாதான் சொல்லும். வயிற்றுக்கோளாறோ கையில் புண்ணோ உள்ளவர் அன்று சமையலில் நிற்கக் கூடாது, அன்றைய கூலி பிடிக்கவும் கூடாது. கூலி போகும் என்றால் உடம்பு சரியில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

காகிதங்கள்

இலவசமாகக் கொடுத்தாலும் உணவு வணிகர் என்ற பட்டியலில் நீங்கள் வருவீர்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) ஃபாஸ்காஸ் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். ஆண்டு விற்றுமுதலைப் பொறுத்து பதிவா உரிமமா என்பது முடிவாகும். சந்தேகம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். கேன்டீன்காரர் சமைத்தால் அவர் பெயரில் இருக்கும், அதன் நகல் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். சமைப்பவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை மருத்துவச் சான்று, தண்ணீருக்குப் பரிசோதனை அறிக்கை, சமையல் கூடத்தில் தீயணைப்பான். எரிவாயு 19 கிலோ வணிக சிலிண்டர்தான்; வீட்டு சிலிண்டரை வைத்துச் சமைப்பது சட்டவிரோதம். சிலிண்டர் வெளியே, அடுப்பு உள்ளே என்று குழாய் இழுத்துக்கொள்ளுங்கள்.

யாரோ மலிவாக ரேஷன் அரிசி தருகிறேன் என்று வருவார்கள். தொடாதீர்கள். பொது விநியோக அரிசியைக் கைமாற்றுவது வழக்காகும், நல்ல காரியம் என்பது அங்கே எடுபடாது. மண்டியில் 26 கிலோ சிப்பமாக வாங்கி ரசீதை வையுங்கள்.

பணம்

கணக்குப் போடும் முறையைக் காட்ட ஒரு மாதிரி. விலைகளை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 100 தட்டுக்கு அரிசி கிலோ 50 ரூபாய் வீதம் 500, பருப்பு 140 வீதம் 420, காய், வெங்காயம், தக்காளி 12 கிலோ 40 வீதம் 480, எண்ணெய் 150, புளி, பொடி, தாளிப்பு 300, முட்டை 6 ரூபாய் வீதம் 600. ஆக 2,450, தட்டுக்கு 24.50. எரிவாயு தட்டுக்கு 3 ரூபாய். மூன்று பேருக்குத் தலா 500 ரூபாய் கூலி, 200 தட்டுக்குப் பிரித்தால் 7.50. மொத்தம் 35 ரூபாய்.

மாணவர் தருவது 10. தட்டுக்கு 25 ரூபாய் துண்டு விழுகிறது. 200 தட்டுக்கு நாளைக்கு 5,000. ஒரு பருவத்தின் 90 வேலை நாளுக்கு நாலரை லட்சம். இந்த எண்ணை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாக வையுங்கள். மறைத்துத் தொடங்கினால் மூன்றாம் மாதத்தில் பருப்பு குறையும், நாலாம் மாதத்தில் அடுப்பு அணையும். முட்டையை வாரம் இரண்டு நாளாக்கி மற்ற நாள் சுண்டல் என்றால் கொஞ்சம் இறங்கும். அதற்கு மேல் குறைக்கப் பார்க்காதீர்கள்.

நாலரை லட்சத்தை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 75,000. முன்னாள் மாணவர் 300 பேர் மாதம் 250 ரூபாய் தந்தால் சரியாகிறது. பெரிய நன்கொடையாளர் ஒருவரைவிட இந்த 300 பேர் பாதுகாப்பு, ஏனென்றால் ஒருவர் நிறுத்தினால் தெரியாது. வங்கியில் தானியங்கிப் பற்று எழுதி வாங்குங்கள். "அடுத்த மாதம் போடுகிறேன்" என்பது வராது. பிறந்த நாள், நினைவு நாளுக்கு "ஒரு நாள் சாப்பாடு 5,000 ரூபாய்" என்று இன்னொரு வழி. இதில் ஒரு நிபந்தனையில் உறுதியாக இருங்கள்: சாப்பிடும் மாணவரோடு புகைப்படம் கிடையாது, பேனர் கிடையாது. பலகையில் சாக்பீஸால் "இன்றைய உணவு: 1998 தாவரவியல் வகுப்பினர்" என்பதுபோல் ஒரு வரி எழுதலாம், அது போதும். ஒரு மாணவி தட்டேந்தி நிற்கும் படம் அவள் தெருவின் வாட்ஸப் குழுவுக்குப் போனால் மறுநாளிலிருந்து அவள் வரமாட்டாள்.

கல்லூரிப் பெயரில் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில். மூன்று மாதச் செலவுக்குச் சேர்ந்த பிறகுதான் அடுப்பு மூட்ட வேண்டும். தொடங்கி நிறுத்துவது தொடங்காமல் இருப்பதைவிட மோசம், அதை நம்பி டப்பா கட்டுவதை நிறுத்தியவர்கள் இருப்பார்கள்.

முதல் மாதமும் அதற்குப் பின்னும்

முதல் இரண்டு வாரம் 40 தட்டு மட்டும். பிறகு 80, அப்புறம் 120. கூட்டத்தைப் பார்த்து முதல் வாரமே 200-க்குத் தாவினால் ஏதாவது ஒரு நாள் சோறு வேகாமல் வரும், அந்தப் பேச்சு ஒரு பருவம் முழுக்க ஓடும்.

தினம் மூன்று எண் எழுதுங்கள்: போன தட்டு எத்தனை, சாதம் எத்தனை மணிக்குத் தீர்ந்தது, குப்பைத் தொட்டியில் விழுந்தது எத்தனை கிலோ. தட்டுக்கு 50 கிராமுக்கு மேல் வீணானால் ருசியிலோ அளவிலோ கோளாறு. எந்த நாள் என்று பார்த்தால் எந்தப் பண்டம் என்று தெரியும். வெந்தயக்கீரை சாதம் போட்ட நாளாகத்தான் இருக்கும். டோக்கன் விற்று ஆள் வராமல் இருந்தால் நேரத்தைப் பாருங்கள், ஏதோ ஒரு துறை பயிற்சி வகுப்பை அந்த நேரத்துக்கு இழுத்திருக்கும்.

வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்கு மதியச் சாப்பாடு மட்டும் போதாது. வாரக் கடைசியில் வாங்கிச் செல்ல 2 கிலோ அரிசி, அரைக் கிலோ பருப்பு, ஆறு முட்டை, கால் லிட்டர் எண்ணெய் கொண்ட பை ஒன்றை இரண்டாம் பருவத்தில் சேர்க்கலாம். அதற்கும் அதே டோக்கன், ஐந்து சேர்த்தால் ஒரு பை.

குழுவில் இருக்கும் மூன்றாமாண்டு மாணவர்கள் ஏப்ரலில் போய்விடுவார்கள். ஜனவரியிலிருந்தே இரண்டாமாண்டு மாணவர் இருவரை ஒவ்வொரு பொறுப்பிலும் கூட நிறுத்துங்கள்: டோக்கன் எண்ணுவது, மண்டியில் அரிசி பார்ப்பது, தெர்மாமீட்டர் குத்துவது, மாதக் கணக்கு முடிப்பது. கடைசி வேலை நாளில் மளிகை இருப்பை எடையிட்டு, பருப்பு, கடலையைச் சுய உதவிக் குழுவுக்கு வாங்கிய விலைக்கே கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். கோடை விடுமுறை முழுக்கக் கிடந்தால் வண்டு வைத்துவிடும். பாத்திரங்களை எண்ணிப் பூட்டி, சாவியும் இருப்புப் பதிவேடும் புதிய குழுவின் கையெழுத்தோடு அலுவலகத்தில் இருக்கட்டும். ஜூனில் முதலாமாண்டு சேர்க்கை நடக்கும் நாளிலேயே, சேர்க்கைப் படிவத்தோடு ஒரு டோக்கன் இணைத்துக் கொடுங்கள். கூட வந்த அம்மாவுக்கும் ஒன்று.